மூடி தாண்டிப் போன காசுகள்

என் தம்பியை அவன் வேலை பார்க்கும் தகர டப்பா ஆலையில் ‘மூடி’ என்றுதான் கூப்பிடுவார்கள். அங்கே டப்பா செய்கிறவர்கள் ஒரு பக்கம், அதற்கு மூடி வெட்டுகிறவர்கள் இன்னொரு பக்கம். இவன் சேர்ந்த நாளிலிருந்து மூடிப் பக்கம். தகட்டை அச்சுக்குக் கீழே தள்ளினால், மேலேயிருந்து இரும்பு இறங்கி டங்கென்று ஒரு மூடியை வெட்டித் தள்ளும். ஷிஃப்டு முழுக்க டங், டங், டங். காதில் வைத்துக்கொள்ளப் பஞ்சு கொடுக்கிறார்கள். அதை இவன் கண்ணாடி துடைக்க வீட்டுக்கு எடுத்துவந்துவிடுவான். கேட்டால், “பழகிடுச்சுக்கா” என்பான். பழகுவதற்கு அது என்ன மாமியார் வீடா என்று நான் திட்டுவேன்.

ஆளும் அந்தப் பட்டப்பெயருக்குப் பொருத்தம்தான். வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசினால் அன்றைக்கு மழை. சிரிப்பான், தலையாட்டுவான், போய்விடுவான். எங்கள் வீட்டுப் பேச்சு மொத்தத்தையும் நானே சுருட்டிக்கொண்டேன், அவனுக்கு மிச்சம் வைக்கவில்லை என்று அம்மா சொல்லுவாள். உண்மைதான். நான் பஸ் கண்டக்டர். நெரிசலில் வாசல்படியில் நின்றபடி, கடைசி சீட்டில் தூங்குகிறவனை எழுப்பி டிக்கெட் கொடுக்கிற தொண்டை எனக்கு. நான் மெதுவாகப் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டு பேசினாலும் எதிர்வீட்டு ஜன்னல் மூடும்.

தம்பி மனைவி எனக்கு நேரெதிர். நூலகத்தில் வேலை. அங்கே புத்தகத்தை மேஜையில் வைக்கிற சத்தத்துக்கே நாலு பேர் நிமிர்ந்து பார்ப்பார்கள். அவள் குரல் பிறவியிலேயே மெல்லிசு, அந்த வேலை அதை இன்னும் இழைத்துவிட்டது. ஒரே கட்டிடம், அவர்கள் மாடியில், நான் கீழே. அவள் என்னிடம் ஏதாவது சொல்ல வந்தால் நான் குக்கரை நிறுத்திவிட்டுத்தான் கேட்க வேண்டும். நல்ல பெண். அவர்களுக்கு ஒரு மகள், பள்ளிக்கூடம் போகிறாள். அவளுக்கும் அம்மா குரல்தான்.

மாடியில் இருந்த அந்த மூன்று பேருக்கு நடுவே ஒரு மெட்டல் டிடெக்டர் வந்து சேர்ந்தது.

ஆலையின் ஸ்டோர் கீப்பர் வீட்டைக் காலி செய்துகொண்டு போகும்போது இவன் தலையில் கட்டிவிட்டுப் போன பழைய மிஷின் அது. நீளமாக ஒரு தண்டு, கீழே சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு வட்டம், மேலே கைப்பிடிக்குப் பக்கத்தில் திருகுவதற்கு மூன்று குமிழ். புதிய மிஷின்களில் திரை இருக்குமாம், மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று எழுத்தில் காட்டுமாம். இதில் அந்த சொகுசெல்லாம் கிடையாது. எதையும் சத்தம் போட்டுத்தான் சொல்லும். இரும்பு என்றால் தவளை மாதிரி ஒரு கட்டைக் குரல். செம்பு, வெள்ளி, காசு என்றால் கீச்சென்று உயர்ந்த குரல்.

ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு காலி மைதானம் உண்டு. ஒரு காலத்தில் வாரச் சந்தை கூடிய இடம். கூட்டம் கூடிய இடத்தில் காசு விழாமல் இருக்குமா? இவன் அந்த இடத்தின் காவலாளியிடம் சொல்லி அனுமதி வாங்கிக்கொண்டு, லீவு நாளெல்லாம் அங்கேயே கிடந்தான்.

சும்மா சொல்லக் கூடாது, செய்கிற வேலையை முறையாகச் செய்வான். தட்டைத் தரையோடு ஒட்டினாற்போல, ஆனால் உரசாமல் வீசுவான். பாதிப் பேர் வீச்சின் முடிவில் கையைத் தூக்கிவிடுவார்களாம், தூக்கினால் ஆழத்தில் கிடப்பது தெரியாதாம். இவன் வீச்சு ஊஞ்சல் மாதிரி ஏறி இறங்காது, நிலம் துடைக்கிற மாதிரி மட்டமாகப் போகும். ஒரு வீச்சு துடைத்த இடத்தில் பாதியை அடுத்த வீச்சும் துடைக்கும். அவசரமே கிடையாது. மழை பெய்து மண் ஊறியிருந்தால் நன்றாகக் காட்டும் என்று, மற்றவர்கள் வீட்டுக்குள் ஓடும்போது இவன் வெளியே கிளம்புவான். மின்கம்பிக்குக் கீழே மிஷின் காரணமில்லாமல் புலம்பும் என்பதால் அங்கே உணர்திறன் குமிழைக் குறைத்துக்கொள்வான். தோண்டிய குழியை மூடி, புல்லைத் திரும்பப் பதித்து, காலால் மிதித்துவிட்டுத்தான் நகர்வான்.

இத்தனையும் செய்து என்ன கொண்டுவந்தான் தெரியுமா? ஆணி. வளைந்த ஆணி, நிமிர்ந்த ஆணி, தலையில்லாத ஆணி. அப்புறம் மாட்டு லாடம், கூடார முளை, துருப்பிடித்த கொக்கி. ஒரு காசு கிடையாது. அதே மைதானத்தில் வாட்ச் கடைக்காரர் ஒருவரும் வந்து தேடுவார். ஒரு பொம்மைக்கடை மிஷினை வைத்துக்கொண்டு, அதையும் ஊஞ்சலாட்டிக்கொண்டு, பாக்கெட் குலுங்கக் குலுங்கப் போவார். எனக்கே வயிறு எரியும்.

“ஏன்டா, பழைய இரும்புக் கடை வைக்கப் போறியா?” என்று கேட்டேன்.

“மிஷின்ல ஏதோ கோளாறுக்கா.”

பேட்டரி மாற்றினான். கேபிளை மாற்றினான். தட்டை மாற்றிப் பெரிதாகப் போட்டான். ஆணி பெரிதாக வந்தது. ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனான். கடைக்காரர் மேஜைமேல் ஒரு காசை வைத்து, தட்டை அதன் மேலே காட்டி, “மிஷின் அருமையா இருக்கு சார், கேக்குதில்ல?” என்றாராம். இவன் தலையாட்டிவிட்டுத் திரும்பி வந்துவிட்டான். வந்து மறுபடியும் ஆணி.

ஒரு நாள் ட்யூட்டி முடிந்து வந்து நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அவன் மனைவி என் வாசலில் வந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

“அண்ணி, எனக்கு வேற ஊர்ல வேலை வந்திருக்கு. நிரந்தர வேலை. எங்க அக்கா இருக்கிற ஊர் நூலகம். அடுத்த மாசம் ஒண்ணாம் தேதி சேரணும்.”

“நல்ல விஷயம்தானே! அவன் என்ன சொன்னான்?”

“ஒண்ணும் சொல்லலை.”

“ஒண்ணும்னா?”

“மூணு தடவை சொல்லிட்டேன் அண்ணி. போகட்டுமா, வேண்டாமா, நீங்களும் வர்றீங்களா, ஏதாவது சொல்லுங்கன்னு கேட்டேன். திரும்பிப் படுத்துட்டார். ‘ம்’ கூட இல்லை.” அவள் குரல் இன்னும் இறங்கியது, நான் கிட்டே போனேன். “அந்த மிஷின் முனகினா மண்டி போட்டு உட்கார்றார். நான் கூப்பிட்டா திரும்பறதில்லை. இத்தனை வருஷமா இப்படித்தான். நான் ஒரு ஆணி அளவுக்குக்கூட இல்லையா? பொண்ணைக் கூட்டிட்டுப் போயிடறேன். அவருக்கு அதுவும் தெரியாதோ என்னமோ.”

அவள் அழவில்லை. அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். முடிவெடுத்துவிட்டவள் மாதிரி பேசினாள். அவளும் குழந்தையும் இல்லாத மாடியை நினைத்துப் பார்த்தேன். அவன் ஒருத்தன் மட்டும் ஆணிகளோடு. அவளைப் போகாதே என்று சொல்ல எனக்கு என்ன வாய் இருக்கிறது? கேட்க வேண்டியவன் அல்லவா கேட்க வேண்டும்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே மைதானத்துக்குப் போனேன். போகிற வழியெல்லாம் வசவை வரிசைப்படுத்திக்கொண்டே போனேன். முந்தின நாள் மழை, மண் சொதசொதவென்று இருந்தது. அவன் தூரத்தில் குனிந்து நடந்துகொண்டிருந்தான்.

“டேய் மூடி!” என்று ஒரு சத்தம் விட்டேன். காக்கைகள் பறந்தன. அவன் திரும்பிச் சிரித்தான்.

“என்னடா இளிப்பு? வீட்ல என்ன நடக்குதுன்னு தெரியுமா உனக்கு? உன் பொண்டாட்டி குழந்தையைக் கூட்டிட்டுக் கிளம்பறா!”

“எங்க?”

“எங்கயா? வேற ஊருக்கு! வேலைக்கு! ஒரேயடியா!”

அவன் கையிலிருந்த மண்வெட்டி நழுவியது. “என்கிட்ட சொல்லவே இல்லையேக்கா.”

“யாருக்குடா காது குத்தறே? மூணு தடவை சொன்னாளாம். ஐயா திரும்பிப் படுத்துட்டீங்களாம்!”

“சத்தியமா சொல்லலைக்கா.”

எனக்கு வந்த கோபத்தில் அந்த மிஷினைப் பிடுங்கித் தண்டவாளத்தில் எறிந்திருப்பேன். இவ்வளவு பெரிய பொய்யைச் சொல்லிவிட்டு முகத்தை எப்படி அப்பாவி மாதிரி வைத்துக்கொள்கிறான் பாருங்கள் என்று தோன்றியது. அவனோ என்ன செய்வதென்று தெரியாமல், கை பழக்கத்தில் தட்டை வீசியபடி ரெண்டு எட்டு நடந்தான். வாய் மட்டும் “சொல்லலையே, சொல்லலையே” என்றது. அப்போது மிஷின் கத்தியது. கீச்சென்று, அணிலை மிதித்துவிட்ட மாதிரி. அவன் நிற்கவில்லை. தாண்டிப் போனான்.

“ஏய், நில்லு. அது கத்துச்சே, தோண்டலையா?”

“எது கத்துச்சு?”

“உன் கையில இருக்கிறதுதான்!”

“இல்லையேக்கா.”

“திரும்பி வா. இங்க வீசு.”

வீசினான். கீச். மறுபடி வீசினான். கீச், கீச். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறேன், அவன் என்னைக் கேள்வியாகப் பார்க்கிறான்.

“கேக்கலை?”

“என்ன கேக்கணும்?”

கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. என் பையிலிருந்து ஒரு சில்லறைக் காசை எடுத்துப் புல்மேல் போட்டேன். “இதுக்கு மேல காட்டு” என்றேன். காட்டினான். மிஷின் என் காதைக் கிழித்தது. அவன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பக்கத்தில் அவன் தோண்டிப் போட்ட ஆணி ஒன்றைக் காலால் தள்ளி வைத்தேன். கட்டைக் குரல் வந்தது. “இது கேக்குது” என்றான் உடனே.

மூன்றாவது குமிழைப் பார்த்தேன். சத்தத்தின் சுருதியை ஏற்றி இறக்குவதற்கு அது என்று அவன் எப்போதோ சொல்லியிருந்தான். ஸ்டோர் கீப்பர் வைத்துவிட்டுப் போன இடத்திலேயே இருந்தது, இவன் தொட்டதேயில்லை. எனக்கு மிஷினைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் பஸ்ஸில் காது மந்தமான பயணிகள் ஏறினால் கத்துவதால் பயனில்லை, குரலைக் கட்டையாக்கிச் சொன்னால் புரிந்துகொள்வார்கள் என்பது எனக்குப் பழக்கம். குமிழைக் கீழே திருகிக்கொண்டே, “வீசிட்டே இரு” என்றேன். கீச் இறங்கி இறங்கி, விசில் ஆகி, கதவுக் கீல் முனகுகிற மாதிரி ஆனபோது அவன் கை நின்றுவிட்டது.

“அக்கா,” என்றான், “இது என்னது புதுசா?”

“இதுதான்டா காசு.”

முதலில் கத்திய இடத்தைத் தோண்டினான். குறுக்கும் நெடுக்கும் வீசி இடத்தைக் குறித்து, ஒரு சாண் ஆழம் போனதும் பச்சை பிடித்த ஒரு செப்புக்காசு மண்ணோடு வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அவன் சிரிக்கவில்லை. பின்னால் திரும்பி, தான் நடந்து வந்த பாதையைப் பார்த்தான். அதிலேயே நடந்தோம். நாலு எட்டுக்கு ஒரு தடவை அந்தப் புதிய குரல் கேட்டது. எல்லாம் அவன் அழகாக, மட்டமாக, அவசரமில்லாமல் வீசித் தாண்டிப் போன இடங்கள். வாட்ச் கடைக்காரரும் வந்து எட்டிப் பார்த்தார். “என்ன சார், இன்னிக்கு மிஷின் நல்லா பேசுது?” என்றார். மிஷின் என்றைக்கும் நன்றாகத்தான் பேசியது.

எனக்கு இன்னொன்று பார்க்க வேண்டியிருந்தது. அவன் குழியில் குனிந்திருந்தபோது பின்னால் போய் நின்று, அவன் மனைவி குரலில், நூலகத்துக் குரலில், “என்னங்க” என்றேன். திரும்பவில்லை. “என்னங்க, கொஞ்சம் இங்க பாருங்க” என்றேன். மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தான். அவன் மகள் ஏதாவது சொல்வதற்கு முன்னால் அவன் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பிக்கொள்வாள். செல்லம் கொஞ்சுகிறாள் என்றுதான் எல்லோரும் சிரிப்போம். அந்தக் குழந்தைக்கு மட்டும் தெரிந்திருக்கிறது, தெரியும் என்பதே தெரியாமல்.

“ரிப்பேர் கடைக்காரர் காசை வெச்சுக் காட்டினப்போ கேட்டுச்சான்னு கேட்டாரே, ஏன்டா தலையாட்டினே?”

“அவர் ஆட்டினார், நானும் ஆட்டினேன்” என்றான். குழியை மூடிக்கொண்டே, “எல்லாரும் அப்படித்தான் பேசறாங்கன்னு நினைச்சேன்கா. பாதி முழுங்கிட்டு” என்றான்.

அந்த வாரமே காது பரிசோதனைக்கு ஏற்பாடு செய்தேன். அதுவரை வீட்டில் எதையும் கேட்காதே என்று அவனைத் தடுத்துவைத்தேன். அவன் மனைவியிடம் எதையும் விளக்கவில்லை, நான் விளக்கினால் சண்டை போடுகிற மாதிரி இருக்கும். “ஒரே ஒரு மணி நேரம், எனக்காக வா” என்றேன். வந்தாள். பெட்டி கட்ட ஆரம்பித்திருந்தாள் போலிருக்கிறது, புடவையெல்லாம் தூசி.

கண்ணாடி ஜன்னல் வைத்த ஒரு சின்ன அறைக்குள் அவனை உட்காரவைத்து, காதில் ஹெட்ஃபோன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். நாங்கள் இருவரும் வெளியே, பரிசோதனை செய்கிற பெண்ணுக்குப் பின்னால் நின்றோம். அவள் முன்னாலிருந்த சின்ன ஸ்பீக்கரில் அவனுக்குப் போகிற சத்தம் எங்களுக்கும் கேட்டது. கட்டைச் சத்தங்களுக்கு டக் டக்கென்று அழுத்தினான். சத்தம் மேலே ஏற ஏற விரல் தயங்கியது. பிறகு நின்றேவிட்டது. அந்தப் பெண் சத்தத்தைக் கூட்டினாள், இன்னும் கூட்டினாள், எனக்கே காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றியது. அவன் உள்ளே நல்ல பிள்ளையாக, அடுத்த சத்தம் எப்போது வருமென்று காத்துக்கொண்டிருந்தான்.

என் பக்கத்தில் நின்றவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த பிடியில் வளையல் அழுந்தி வலித்தது.

“ரொம்ப வருஷத்து இரைச்சல்ல வந்தது” என்றாள் அந்தப் பெண். “மேல் சத்தமெல்லாம் போயிடுச்சு. ஆம்பளைங்க கட்டையா பேசினா சமாளிச்சுடுவார். முகத்தைப் பார்த்தா உதட்டசைவை வெச்சும் புரிஞ்சுக்குவார். சன்னமான குரல்தான் கஷ்டம். பொம்பளைங்க, குழந்தைங்க. போனது திரும்பாது, ஆனா கருவி வெச்சா நல்லா கேக்கும். கருவிக்கு வேண்டிய அளவெல்லாம் எடுத்தாச்சு.”

அவன் வெளியே வந்தான். எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். பெஞ்சில் உட்கார்ந்தான். அவள் அவன் எதிரே போய் நின்றாள்.

“உங்களுக்குக் கேக்குதுன்னு நினைச்சுத்தான் இவ்வளவு நாள் கோபமா இருந்தேன்” என்றாள். இந்தத் தடவை உரக்கச் சொன்னாள். உரக்கப் பேசிப் பழக்கமில்லாததால் குரல் உடைந்தது.

“ஊருக்குப் போறதைப் பத்தி என்கிட்ட சொன்னியாமே, அக்கா சொன்னா. எப்போ சொன்னே? எனக்கு ஞாபகமே வரலை.”

“ராத்திரி. லைட்டை அணைச்சப்புறம்.”

அவன் அவள் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“முகத்தைப் பார்த்துகிட்டு முக்கியமான விஷயம் பேச எனக்கு வராதுங்க. இருட்டினாதான் தைரியம் வரும். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து எல்லாத்தையும் அப்படித்தானே உங்ககிட்ட சொல்லிட்டிருக்கேன்.”

அவன் முகம் மாறியதை நான் பார்த்தேன். கேட்கக் கூடாததைக் கேட்கிறவன் மாதிரி, மெதுவாகக் கேட்டான்.

“லைட்டை அணைச்சப்புறம் நீ பேசுவியா?”

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே தெரியவில்லை, இரண்டும் சேர்ந்து வந்தது. அவன் எழுந்து அவள் கையைப் பிடித்துப் பெஞ்சில் பக்கத்தில் உட்காரவைத்து, தன் முழங்கால் அவள் பக்கம் இருக்கும்படி திரும்பி உட்கார்ந்துகொண்டான்.

“சொல்லு.”

“எதை?”

“சொன்னதை எல்லாம். முதல்லேர்ந்து.”

“இங்கயா? எத்தனை பேர் உட்கார்ந்திருக்காங்க!”

“இருக்கட்டும். இங்க நல்ல வெளிச்சமா இருக்கு.”

எனக்கு அங்கே நிற்க வேலையில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, டீ வாங்கி வருகிறேன் என்று யாரிடமோ சொல்லிவிட்டு வெளியே போனேன். கடையில் கூட்டம், வேண்டுமென்றே வரிசையின் கடைசியில் நின்றேன். டீயோடு திரும்பி வந்தபோது தாழ்வாரம் பாதி காலியாகியிருந்தது. அவர்கள் இருவரும் அசையவில்லை. அவள் பேசிக்கொண்டிருந்தாள், கையை ஆட்டி, முகத்தைச் சுளித்து, நடுநடுவே அவன் தோளில் அடித்து. அவன் கண் கொட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

கிட்டே போனேன். கல்யாணமான முதல் வருஷத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்கள். மகள் இன்னும் பிறக்கக்கூட இல்லை. வேற ஊர்ப் பேச்சு வருவதற்கு எத்தனையோ வருஷம் பாக்கி இருந்தது.